நாரை விரட்டுகிறவரின் லீவு நாள்

வெடியார் என்றதும் ஏதோ பரம்பரைப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் அவருக்குப் பறவை விரட்டுகிற வேலை. ஓடுபாதைப் பக்கம் சிறகு எதுவும் தெரிந்தால் போதும், ஜீப்பை எடுத்துக்கொண்டு பாய்ந்து, துப்பாக்கி மாதிரி ஒன்றை வானத்துக்கு நீட்டி ஒரு வெடி போடுவார். அதனால் வெடியார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை.

சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். விமான எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை. வெடி தீர்ந்துபோன நேரத்தில் நாரைக் கூட்டம் வந்தால் வெடியார் ஜீப்பிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீசி, "ஹோய்! ஹோய்! போ!" என்று ஓர் அதட்டல் போடுவார். அடேயப்பா, அது என்ன தொண்டை! கன்ட்ரோல் டவரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட ஒரு கணம் எழுந்து போய்விடலாமா என்று யோசிப்பார்கள்.

அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளையும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளையும் இஸ்திரி போட்டு அடுக்குகிற பிரிவுக்கு அவள்தான் தலைமை. அங்கே எல்லாருக்கும் அவள் இஸ்திரியக்கா. நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் சூடு.

இஸ்திரியக்காவுக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் எங்கிருந்தோ மலை தாண்டி, கடல் தாண்டி அந்த ஊருக்கு நாரைகள் வரும். ஊருக்கு வெளியே உப்பங்கழியில் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஊரே குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரும். சலவைக்கூடத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்கள், மருந்துக்கடைக்காரர், லிஃப்ட் இயக்குகிறவர், எல்லாரும் பார்த்தாயிற்று. இவள் மட்டும் பார்க்கவில்லை. இவளுக்கு லீவு கிடைத்தால் அவருக்குக் கிடைக்காது; அவருக்குக் கிடைத்தால் இவளுக்குக் கிடைக்காது. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த ஒரே ஒரு வருஷம் பேய் மழை.

வீட்டிலிருந்தாவது பார்க்க முடியுமா என்றால், வீடு விமான நிலையத்துக் குவார்ட்டர்ஸ். அந்த வேலிக்குள் வானத்தைக் காவல் காப்பவர் யார்? இவள் புருஷன்தான்.

"எங்க மொட்டை மாடியில காக்கா உக்காந்துகூட நான் பாத்ததில்லடி" என்று சலவைக்கூடத்தில் சொல்லுவாள். "ஊரு பூரா நாரை பாக்குது. நாரை விரட்டுறவர் பொண்டாட்டி மட்டும் படத்துல பாக்குறா."

இந்தக் குறை இத்தனை நாள் சிரித்துப் பேசுகிற குறையாகத்தான் இருந்தது. அந்த மாதம் வெடியாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடலும் இல்லாத, கழியும் இல்லாத ஓர் உள்நாட்டு ஊருக்கு. அங்கே விரட்டுவதற்குப் புறாவும் பருந்தும்தான். சாமான் கட்ட ஆரம்பித்த அன்றைக்கு இஸ்திரியக்கா ஒரு போர்வையை நான்காக மடித்தவள், அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நாரையும் இந்த வாரத்தோட கிளம்பிடுமாம். நாமளும் கிளம்பறோம். இனிமே எங்க பாக்கப் போறேன்?"

அழவில்லை. அழுதிருந்தால்கூட வெடியார் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அவரிடம் நகை கேட்டதில்லை, ஊர் சுற்றிக் காட்டச் சொன்னதில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே போய் நின்று, கெஞ்சி, ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தார். அவளும் அரை நாள் லீவு சொன்னாள்.

"கிட்டத்துல ஒரு தடவ பாத்துட்டா போதும். ஆனா ஒண்ணுங்க. நீங்க கத்தக் கூடாது."

"நான் எதுக்குக் கத்தப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யார் சொன்னா? பழக்கம்னு சொல்றேன்."

கிளம்பும்போது அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். ஒரு விசில் இருந்தது. கால்சட்டைப் பையில் இரண்டு வெடி. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மற்றவர்கள் சாவி எடுத்துக்கொள்வது போல அவர் கை தன்னால் எடுத்துப் போட்டிருக்கிறது. இஸ்திரியக்கா மூன்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அவளுடைய தம்பி வேன் ஓட்டுகிறவன். அவன்தான் கொண்டுபோய் விட்டான். வழி நெடுக அவனுக்குக் கொண்டாட்டம்.

"மாமா, வண்டியில டேப் இருக்கு. வாயில ஒட்டிக்கிறீங்களா?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

"அக்கா, எதுக்கும் அவர் கையையும் கட்டிடு. வாய விட அந்தக் கைதான் ஆபத்து."

உப்பங்கழிக் கரையில் அவர்களை இறக்கிவிட்டு, வேனை மர நிழலில் நிறுத்தி, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனான் அந்தப் புண்ணியவான்.

கரையோரத்தில் பறவை பார்க்கிறவர்களுக்காக ஒரு மரப்பரண் போட்டிருந்தார்கள். ஏறினால் நீள பெஞ்சு, இடுப்பளவுக்குப் பலகைத் தடுப்பு. அங்கே ஏற்கெனவே ஓர் அம்மாள் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். பிளாஸ்க், பிஸ்கட், முதுகுக்கு ஒரு தலையணை என்று குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார். இவர்கள் பலகை அதிர ஏறியதும் உதட்டில் விரல் வைத்தார். வகுப்பறைப் பழக்கம் அவருக்கு.

"இன்னும் வரல. கடல் உள்வாங்கிட்டு இருக்கு, சேறு தெரிஞ்சதும் வரும்" என்று கிசுகிசுத்தார்.

நாரை வராவிட்டால் என்ன, கழி சும்மாவா இருந்தது? நாலைந்து வெள்ளைக் கொக்குகள் கணுக்கால் தண்ணீரில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தன. உள்ளான் குருவிகள் ஒரு கூட்டம், அலை பின்னே போனால் துரத்திக்கொண்டு ஓடுவதும், அலை திரும்பினால் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவருவதுமாக இருந்தன. தூரத்தில் கூழைக்கடாக்கள் வயிறு நிறைந்த பெரியவர்கள் போல மிதந்தன. பட்டுப்போன ஒரு மரத்தில் கறுப்பாக ஒன்று இரண்டு சிறகையும் விரித்தபடி அசையாமல் நின்றது.

"என்னங்க அது, துணி காயப்போட்ட மாதிரி நிக்குது?"

"நீர்க்காகம். காயத்தான் போடுது. முங்கி எழுந்தா றெக்கை நனைஞ்சிரும் அதுக்கு."

"பாவம், சலவைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்க."

இஸ்திரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. வெடியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த வேகத்தில் வாய் திறந்துகொண்டது.

"அந்த வெள்ளைக் கொக்கு இருக்குதே, நல்லவன் மாதிரி நடிக்கும். போற மாதிரி போயி ஒரு வட்டம் அடிச்சுத் திரும்பி வந்துரும். உள்ளான் கோழை. சத்தம் கேட்டாலே ஓடிரும். கூழைக்கடாதான் மகா சோம்பேறி. எழும்பவே யோசிக்கும்."

டீச்சர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சார் என்ன பண்றீங்க?"

வெடியார் மனைவியைப் பார்த்தார். மனைவி கூழைக்கடாவைப் பார்த்தாள்.

"ஏர்போர்ட்ல... பறவைங்க சம்பந்தமா."

"ஓ! பறவைகளோட நடத்தை பத்தி ஆராய்ச்சியா?"

"நடத்தை... ஆமா. நடத்தைதான் முக்கியமா பாப்பேன்."

அவ்வளவுதான். டீச்சருடைய பிளாஸ்க் டீ அவருக்கு வந்தது. பிஸ்கட் வந்தது. முதுகுத் தலையணைகூட வந்தது. எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை எந்தப் பக்கம் எழும்பும் என்று டீச்சர் கேட்கக் கேட்க, இவர் சொல்லச் சொல்ல, இஸ்திரியக்காவின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. வெடியார் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் உண்மையைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே.

வெயில் சாய்ந்தது. சேறு பளபளவென்று தெரிய ஆரம்பித்தது. அப்போது வந்தது அந்தச் சத்தம். முதலில் எங்கிருந்து என்று தெரியவில்லை. தொண்டையின் ஆழத்திலிருந்து உருட்டிவிட்ட மாதிரி ஒரு குரல், அதற்குப் பதில் குரல், பிறகு பல குரல்கள்.

"வந்தாச்சு" என்றார் டீச்சர்.

இஸ்திரியக்கா எழுந்தே விட்டாள். பலகைத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிழக்கே கோடாகத் தெரிந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தும் சிறகும் நீண்ட காலுமாக ஆனது. சாம்பல் நிற உடம்பு, கறுத்த கழுத்து. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை உயரம் இருக்கும். வரிசை கலைந்து, சரிந்து, நேரே பரணுக்கு எதிரே இருந்த சேற்றுத் திட்டை நோக்கி இறங்கத் தொடங்கின.

"ஏங்க... ஏங்க..." என்றாள்.

வெடியாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கத்தக் கூடாது என்று நினைவிருந்தது. வாயை இறுக்க மூடித்தான் வைத்திருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாழாய்ப்போன விமானம் ஒன்று அந்த நேரம் பார்த்தா கிளம்ப வேண்டும்? கழிக்கு அப்பால், வெகுதூரத்தில், ஓடுபாதையில் எஞ்சின் உறுமுகிற சத்தம் காற்றில் மிதந்து வந்தது. உங்களுக்கும் எனக்கும் அது வெறும் சத்தம். வெடியாருக்கு எஞ்சின் சத்தமும் நாரையும் ஒன்றாகச் சேர்ந்தால் யோசனை என்பதே கிடையாது. மூளைக்குச் சொல்லாமலே உடம்பு வேலைக்குக் கிளம்பிவிடும்.

பெஞ்சின் மேல் ஏறிவிட்டார் மனுஷன். இரண்டு கையும் மேலே போயிற்று.

"ஹோய்! ஹோய்! போ! போ!"

கழி முழுக்கக் கலைந்தது. உள்ளான்கள் புகை மாதிரி எழும்பின. வெள்ளைக் கொக்குகள் ஆளுக்கொரு திசையில் பறந்தன. யோசித்துத்தான் எழும்பும் என்று சற்று முன் சொன்ன கூழைக்கடாக்கள்கூட யோசிக்காமல் எழும்பின. பாதி இறங்கிய நாரைகள் அப்படியே சிறகை அடித்து, கத்திக்கொண்டு மேலே, மேலே, வெயிலுக்குள் போய்விட்டன. வேனில் தூங்கிக்கொண்டிருந்த மச்சினன் அலறி எழுந்து ஹாரனை வேறு அமுக்கினான்.

பிறகு ஒரே அமைதி. வெடியார் பெஞ்சின் மேல், தூக்கிய கை தூக்கியபடி நின்றார்.

"என்ன ஆளு சார் நீங்க!" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "ஆராய்ச்சியா இது?"

"இல்லைங்க மேடம்." அவர் மெல்ல இறங்கினார். "ஆராய்ச்சியெல்லாம் இல்ல. நான் பறவை விரட்டுறவன். ஏர்போர்ட்ல. தெரியாம... கை தன்னால..."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. தன் தலையணையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இஸ்திரியக்கா திரும்பவே இல்லை. காலியாகக் கிடந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெடியாருக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கையை ஆட்டி விரட்டிவிட்டார்.

"வீட்ல கத்துறீங்க, பொறுத்துக்கிறேன்" என்றாள் அவள், திரும்பாமலே. "அங்க கத்துறீங்க, சம்பளம் தர்றாங்க. இங்க எதுக்குங்க கத்துனீங்க?"

அவள் கொண்டுவந்த பையை எடுத்தாள்.

"வாங்க போலாம். சாமான் கட்டணும்."

வெடியார் வானத்தைப் பார்த்தார். நாரைகள் போய்விடவில்லை. வெகு உயரத்தில் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"உக்காரு" என்றார்.

"எதுக்கு?"

"ஒரு தடவ விரட்டினா நாரை போகாது. மேல போயி சுத்தும். என்ன ஏதுன்னு பாக்கும். திரும்ப எறங்க வரும். அப்ப ரெண்டாவது தடவ போடணும். அதுலதான் போகும். எனக்கு எப்பவும் ரெண்டாவது தடவதான் வேலையே."

"நிஜமாவா?"

"சத்தியமா."

இஸ்திரியக்கா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, அவரையும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இங்க ரெண்டாவது தடவ கிடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"கையக் குடுங்க."

"என்னது?"

"ரெண்டு கையும் இங்க குடுங்கன்னேன்."

குடுத்தார். அவள் அவருடைய இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்து, மேலே தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டாள். வருஷக்கணக்காக இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. அதன் அடியிலிருந்து அவ்வளவு சுலபமாக எதுவும் எழுந்துவிட முடியாது. அவள் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. டீச்சர் எதிர்ப்பக்கம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டைக் கடித்தார்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். முதலில் உள்ளான்கள் வந்தன. கோழைகள் என்று அவர் சொன்னவைதான் முதலில் வந்தன. பிறகு ஒரு வெள்ளைக் கொக்கு, எதுவுமே நடக்காத மாதிரி. வட்டம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. நாரைகளின் குரல் தலைக்கு மேலே கேட்டது. அவற்றின் நிழல் பலகையில் ஓடியபோது வெடியாரின் தோள் விறைத்தது. கைகள் துள்ளப் பார்த்தன. இஸ்திரியக்கா அழுத்திப் பிடித்தாள்.

"பேசாம இருங்க" என்றாள், குழந்தைக்குச் சொல்வது போல.

அவர் பேசாமல் இருந்தார்.

முதல் நாரை கழுத்தை நீட்டி, காலைக் கீழே தொங்கவிட்டது. சிறகு இரண்டையும் குடை மாதிரி விரித்துக் காற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு விரல் நுனி சேற்றில் பட்டது. ஓட்டமும் நடையுமாக நாலு எட்டு வைத்து, உடம்பை ஓர் உதறு உதறி, சிறகை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒன்று இறங்கியதும் அதன் ஜோடி கழுத்தை வளைத்து ஏதோ கேட்டது. அதற்கு இது ஏதோ சொன்னது. அந்த வருஷத்துக் குஞ்சு ஒன்று வேகம் தாங்காமல் முன்னால் தடுக்கி விழுந்து, மூக்கில் சேற்றோடு எழுந்தது. பெற்றது இரண்டும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டன.

திட்டு முழுக்க நாரை. எங்கும் அந்த உருட்டுக் குரல். இஸ்திரியக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை, அவளும் கவலைப்படவில்லை.

"பாத்துட்டேன்" என்றாள். "போதுங்க. பாத்துட்டேன்."

திரும்பிப் பார்த்தாள். வெடியார் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். நாரையை முன்பின் பார்த்திராதவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இப்படியா?" என்றார்.

"எப்படி?"

"இப்படியா எறங்கும்? காலைத் தொங்கப் போட்டு... நாலு எட்டு ஓடி..."

"என்னங்க கேள்வி இது? தெனம் பாக்கிறவர் நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

வெடியார் அவளைப் பார்க்கவில்லை. சேற்றில் அப்போது இறங்கிக்கொண்டிருந்த இன்னொரு நாரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கால் தரையைத் தொடுகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் எங்க எறங்க விட்டேன்?"

இஸ்திரியக்கா அழுத்திப் பிடித்திருந்த தன் கைகளை மெல்ல எடுத்துக்கொண்டாள். வெடியாரின் கைகள் எங்கும் போகவில்லை, அவள் மடியிலேயே கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவரே அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.